தமிழ் தெரியாத மாமனாருக்கு ஓர் இலை

என் மாமியார் அஞ்சலை நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூட ஒரு காலை மடக்கி, மற்றதை எழுந்து ஓடத் தயாராகக் குத்தவைத்திருப்பார். ஒரு வாய் தின்பார், எழுந்து போய்ப் பின்கதவைப் பார்ப்பார், வந்து இன்னொரு வாய். மலாக்கா ஊரின் காஜா பேராங்கில் எங்கள் சந்து முழுக்க அவர் செருப்புச் சத்தம் தெரியும். அது கேட்டாலே பெண்கள் அடுப்பில் இருப்பதை மூடிவைப்பார்கள். திறந்திருந்தால் உள்ளே வந்து கிண்டிப் பார்த்து, உப்பு பத்தாது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

இப்போது அவர் இல்லை. எல்லாரும் அவரைத் தங்கம் என்கிறார்கள். கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை. பிடித்த பிடியை விடாத மனுஷி. என் குழம்பை ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. ஆனால் நான் அவருக்கு ஒரு கெடுதல் செய்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. சிரித்தேன், அவ்வளவுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். பெயர் பூங்காவனம். 1956இல் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை, கால்சட்டை. கூட வந்த அம்மா சாரோங்கும் கெபாயாவும் உடுத்தி, நெற்றியில் திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம். என் அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்து, "ஏன்டி, மலாய்க்காரி மாதிரி இருக்கு, திருநீறு பூசியிருக்கு. இது என்ன ஜாதி?" என்று காதில் கேட்டாள்.

மலாக்காச் செட்டிகள் என்பார்கள் அவர்களை. வட்டிக்கடைச் செட்டியார் இல்லை. சுல்தான் காலத்திலேயே கப்பலேறி வந்து, இங்கேயே பெண்கட்டி, இங்கேயே வேர்விட்டவர்களின் பிள்ளைகள். சாமி நம் சாமி, பெயர் நம் பெயர். பேச்சு மட்டும் மலாய். என் மாமனார் பெயர் மாணிக்கவாசகம். ஊரில் வீடுவீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை அவருக்கு. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. நான் வருவதற்கு ஆறு வருஷம் முன்பே காய்ச்சலில் போய்விட்டார்.

அவர் மகன், என் வீட்டுக்காரர், பெயர் பொன்னுதுரை. வாயால் சொல்லக்கூடாது, எழுதலாம். அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா. அங்கிருந்த மற்றத் தமிழ்க் குமாஸ்தாக்கள் இவரை 'துவான் மலாயு', மலாய் துரை, என்று கூப்பிட்டுக் கேலி செய்வார்களாம். ரோஷம் வந்துவிட்டது. இருபத்தாறு வயதில் தமிழ்ச் சங்கத்தின் சாயங்கால வகுப்பில் சேர்ந்து, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அ, ஆ எழுதினார். இரண்டே வருஷத்தில் மேடையில் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டார். பெண் எடுத்தால் தமிழ் பேசுகிற பெண்தான் என்று ஒற்றைக்காலில் நின்று என்னைக் கட்டினார்.

கட்டிக்கொண்டு வந்து என் தமிழையே திருத்தினார். "உணவருந்தினாயா, பூங்காவனம்?" என்று கேட்பார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். "தின்னாச்சுங்க" என்பேன். "தின்றாயிற்று என்று சொல்" என்பார். தோட்டத்தில் பிறந்தவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார், பாருங்கள். நான் சிரிப்பதை நிறுத்தியிருக்க வேண்டும். அப்போது எனக்கு அது தெரியவில்லை.

மாமியாரை முதலில் மாமி என்றேன். அவர் திரும்பியே பார்க்கவில்லை. பிறகு எல்லாரையும் போல 'மாக்' என்றேன். அம்மா என்று அர்த்தம். அவர் என்னிடம் பேசியதெல்லாம் மலாய்தான். எனக்குக் கடைத்தெரு மலாய் தெரியும், அதை வைத்து ஓட்டினேன். இங்கே அவர் பேச்சைத் தமிழில் எழுதுகிறேன், வேறு வழியில்லை.

அந்த வீட்டில் பொங்கலுக்கு முதல்நாள் பார்ச்சு. நம் வீடுகளில் செத்தவர்களுக்குப் படைக்கிறோமே, அதுபோலத்தான், ஆனால் அவர்களுக்கு அதில் விளையாட்டே கிடையாது. விடியும் முன்பே மாக் சமையலை ஆரம்பித்துவிடுவார். மாமனாருக்குப் பிடித்த புளிபோட்ட காரமான வாளைமீன், இறால்விழுது போட்டு அரைத்த பிளாச்சான் சம்பல், தேங்காய்ப்பால் சோறு, பயற்றம் பணியாரம், கறுப்புக் காப்பி, ஓலைச் சுருட்டு ஒன்று. வரிசையாக இலை போட்டு எல்லாம் வைத்தபிறகு, வீட்டு மகன் சாம்பிராணி போட்டு, செத்தவர்களைப் பெயர்பெயராகக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டதும் எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். உள்ளே அவர்கள் சாப்பிடுகிறார்கள். நேரம் விட்டு, மூன்று தட்டுத் தட்டிவிட்டுத்தான் கதவைத் திறக்கலாம். அதன்பிறகு அந்தச் சோற்றை எல்லாரும் பகிர்ந்து தின்ன வேண்டும்.

மகன் கூப்பிடாவிட்டால் அவர்கள் உள்ளே வரமாட்டார்கள். வாசலிலேயே நிற்பார்கள். மாக் இதை எனக்கு நாலு தடவை சொன்னார்.

1957 ஜனவரி, எனக்கு அந்த வீட்டில் முதல் பார்ச்சு. என் வீட்டுக்காரர் முட்டிபோட்டு உட்கார்ந்தார். புகை எழும்பியது. வீடே மூச்சுவிடாமல் நின்றது. அவர் தலைகுனிந்து, "பாப்பாக், மாரி மாக்கான்" என்றார். அப்பா, வாங்க சாப்பிட. அவ்வளவுதான். எனக்கு அடக்க முடியவில்லை. பகலெல்லாம் உணவருந்துதல் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிற மனுஷர், சாமி காரியத்தில் காப்பிக்கடைக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி மலாயில் கூப்பிட்டால்? வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தேன். சத்தம் வெளியே வந்துவிட்டது. போதாததற்குச் சாயங்காலம், "என்னாங்க, செத்தவங்களுக்கும் மலாய்தானா?" என்று வேறு கேட்டேன்.

அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். மறந்துவிட்டார் என்று நானும் மறந்துவிட்டேன்.

அந்த வருஷம் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. ஆகஸ்டில் மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம். காப்பிக்கடையில், கோயிலில், பஸ்ஸில், எங்கே போனாலும் யார் யார் இந்த நாட்டுக்காரர், யார் யார் இல்லை என்ற பேச்சு. என் அண்ணன் பிரஜா உரிமைப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கும் ஜாசினுக்கும் அலைந்தான். எங்கள் வீட்டுக்காரருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. நானூறு வருஷத்து மண். ஆனால் அவருக்கு வேறு அரிப்பு. மலாய்க்காரர் இவரைத் தமிழர் என்றார்கள், தமிழர் இவரை மலாய்க்காரர் என்றார்கள். தினமும் ஆபீஸ் விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போய்விடுவார். நவம்பரில் ஒருநாள் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, இனி என் இல்லத்தில் எல்லாச் சடங்குகளும் செந்தமிழில்தான் என்று சொல்லிவிட்டார். கை தட்டினார்களாம். செயலாளர் சேதுபதி மாலையே போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து மாக்கிடம் மலாயில் சொன்னார். சமையல் உங்கள் இஷ்டம், மீனோ கருவாடோ எதையும் தடுக்கமாட்டேன், அழைப்பு மட்டும் தமிழில் என்றார். மாக் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"உங்க பாப்பாக்குக்குத் தமிழ் தெரியாதே."

"அதனால என்ன, மாக். நம்ம மொழி அது."

"யாரு மொழி?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அதிலிருந்து மாக் நடக்க ஆரம்பித்தார். முன்பும் நடப்பவர்தான், இது வேறு நடை. வாசலுக்குப் போவார், வருவார். கோயிலுக்குப் போவார், சாமி கும்பிடாமலே திரும்பி வருவார். அரிசி பொறுக்க உட்கார்ந்தால் பாதியில் முறத்தை வைத்துவிட்டுச் சந்துமுனைக்குப் போய்விடுவார். நான் பொறுக்கி முடிப்பேன். திட்டிக்கொண்டேதான் முடித்தேன்.

பார்ச்சுக்கு ஒரு வாரம் இருக்கும்போது என்னையும் கூட்டிக்கொண்டு கலியாணசுந்தரம் வீட்டுக்குப் போனார். மாமனாரின் தம்பி, நாலு வீடு தள்ளி இருந்தார். நீயாவது வந்து அண்ணனைக் கூப்பிடு என்று மாக் கேட்டார். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"நான் கூப்பிட்டா என்னாகும், அண்ணி? மவன் எங்கேன்னு அண்ணன் தேடுவாரு. என் மவன் செத்துட்டானா, அதான் தம்பி கூப்பிடுறானான்னு நெனைப்பாரு. செத்தவரை அப்படிப் பயமுறுத்தலாமா?"

மாக் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை. அந்த மனுஷர் சொன்னது நியாயமாகவே பட்டது, அதுதான் எனக்கு ஆச்சரியம். தோட்டத்திலிருந்து வந்து ஒன்றரை வருஷத்தில் நானும் அப்படி யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்த நாள் வந்தது. மாக் எப்போதையும்விட அதிகம் சமைத்தார். மீனில் இரண்டு மடங்கு மிளகாய். வாசனை பிடித்தாவது வரட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. என் வீட்டுக்காரர் புது வேட்டி கட்டி, சங்கத்தில் எழுதிக்கொண்டு வந்த காகிதத்தைக் கையில் வைத்திருந்தார். அதைப் பார்க்கக்கூட இல்லை, மனப்பாடம். கணீரென்று சொன்னார்: "எம் தந்தையே, எழுந்தருளி எம் படையலை ஏற்றருள்க." நல்லாத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. என் உடம்பு சிலிர்த்தது. திரும்பி மாக்கைப் பார்த்தேன். அவர் மகனைப் பார்க்கவில்லை. கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தோம், கதவைச் சாத்தினோம். மாக் நேரே வெளிவாசலுக்குப் போய்க் கேட்டைத் திறந்துவிட்டு நின்றார். சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். நான் பக்கத்தில் போனேன்.

"மாக், வெயில்ல நிக்காதீங்க."

"அவரு இங்கதான் நிப்பாரு," என்றார் மெதுவாக. "உள்ள யாரையோ கூப்பிடுறாங்க, நம்மளை இல்லன்னு நெனைச்சுக்கிட்டு நிப்பாரு. கூச்சக்காரரு. மீட்டர் பாக்கப் போனாலும், வாங்கன்னு சொல்லாம ஒரு வீட்டுக்குள்ளயும் கால் வைக்கமாட்டாரு."

"நீங்க கூப்பிடுங்களேன்."

"பெண்டாட்டி கூப்பிடக்கூடாது," என்றார். கண் கலங்கியிருந்தது.

ஒரு மணி நேரம் ஆயிற்று. கதவைத் தட்டலாம் என்று என் வீட்டுக்காரர் எழுந்தார். மாக் ஓடிவந்து கதவை மறித்துக்கொண்டு நின்றார். இன்னும் அவர் சாப்பிடவில்லை, தட்டாதே என்றார். இன்னொரு மணி நேரம் நின்றார். எதிர்வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். சாப்பிட வரச்சொல்லியிருந்த சேதுபதியும் சைக்கிளில் வந்து இறங்கி, "என்ன, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும். என் வீட்டுக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. மாக்கின் தோளைப் பிடித்து நகர்த்தினார். பிடித்துத் தள்ளவில்லை, நகர்த்தினார். ஆனாலும் அது அம்மாவின் தோள். மூன்று தட்டுத் தட்டிக் கதவைத் திறந்தார்.

எல்லாரும் சாப்பிட்டோம். மாக் தொடவில்லை. ஒரு பணியாரத்தைக் கையில் கொடுத்தேன். "யாரும் தின்னாத சோறு இது. எனக்கு வேணாம்," என்று திருப்பி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மாக்குக்கு ஒரு கவளம் நிம்மதியாக இறங்கவில்லை. சோற்றைப் பிசைவார், வைத்துவிடுவார். கேட்டுப் பக்கம் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுபோய் வைப்பார். எதற்கு என்றால், வெயில்காலம், யாராவது குடிப்பார்கள் என்பார். வருஷத்தின் நடுவில் வைக்கிற பழக்காலத்துப் பார்ச்சும் வந்தது. ரம்புத்தானும் டுரியானும் வைத்து மறுபடியும் அதே கணீர்க் குரல், மறுபடியும் மாக் கேட்டருகில். இந்தத் தடவை அவர் கதவை மறிக்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் நான் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னாங்க, ஒரே ஒரு தடவை மலாயில கூப்பிட்டா என்ன குறைஞ்சிடும்? அப்புறம் நூறு தடவை தமிழ்ல கூப்பிடுங்க. அந்தப் பொம்பளை காஞ்சுக்கிட்டே வர்றாங்க."

"முடியாது."

"சங்கத்துக்காரங்க வந்து ஒட்டுக்கேக்கவா போறாங்க?"

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தார். போட்ட பொத்தானை மறுபடியும் கழற்றிப் போட்டார். பிறகு சொன்னார், புத்தகத் தமிழ் ஒரு துளி இல்லை அதில்.

"நீ சிரிச்சே. நான் எங்கப்பாவைக் கூப்பிட்டேன், நீ சிரிச்சே. இப்ப அந்த வார்த்தையைச் சொல்லலாம்னு வாயைத் தொறந்தா, உன் சிரிப்புதான் காதுல விழுது. எனக்கு வரல, பூங்காவனம். நெசமாவே வரல."

நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்? இவ்வளவு நாளும் அவர் பிடிவாதம் என்று நினைத்து மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். சங்கத்தைத் திட்டினேன், சேதுபதியைத் திட்டினேன். வேர் என்னிடம் இருக்கிறது. மன்னிச்சுக்குங்க என்றேன். பரவாயில்லை என்றார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு மாசம் நானும் அந்த வீட்டில் மாக்கைப் போல நடந்துகொண்டிருந்தேன்.

அடுத்த பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும். ஒரு பகல்வேளை, நான் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன். மாக் வந்து எதிரில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றால், இரண்டு காலையும் நீட்டி, முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தார். எனக்கு அம்மிக்குழவி கையிலிருந்து நழுவப் பார்த்தது.

"அவன் அன்னைக்கு என்ன சொன்னான்? மெதுவா சொல்லு."

சொன்னேன். எம் தந்தையே, எழுந்தருளி எம் படையலை ஏற்றருள்க. ஒவ்வொரு வார்த்தைக்கும் மலாயில் அர்த்தம் கேட்டார். எழுந்தருளி என்பதற்கு எனக்கே மலாய் வரவில்லை. வாங்க என்றுதான் அர்த்தம் என்றேன். வாங்க என்று சொல்லவேண்டியதுதானே என்று முணுமுணுத்தார். திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். வாயில் புகையிலை, பல்லும் பாதி இல்லை. ஏற்றருள்க என்பது அவர் வாயில் படாத பாடு பட்டது. அன்று பூராவும் அதே வேலை, மறுநாளும் அதே வேலை.

மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"மாக், இந்த வயசுல இது எதுக்கு? அவர்கிட்ட நான் இன்னொரு வாட்டி பேசுறேன். தப்பு என்னோடது. அன்னைக்குச் சிரிச்சது நான்தான்."

"தெரியும். நானும் அங்கதானே நின்னேன்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

பிறகு சொன்னார்: "அவன்கிட்ட ஒண்ணும் பேசாத. அவன் வாய்க்கு வராது, விட்டுடு. அவன் அப்பனுக்கு இனிமே யாரு சொல்லிக் குடுக்கிறது? செத்தவரு, கத்துக்க முடியாது. என்னால முடியும். எனக்கு இன்னும் எத்தனை வருஷம், ரெண்டா, மூணா? நான் அங்க போயிட்டா, இவன் கூப்பிடுறப்ப ரெண்டு பேருல ஒருத்தருக்காவது புரியணும். வாசல்ல நிக்கிற மனுஷன்கிட்ட நான் சொல்லுவேன். உள்ள வாங்க, நம்ம பையன்தான், நம்மளைத்தான் கூப்பிடுறான்னு."

நான் மிளகாய்க் கையோடு கண்ணைத் துடைத்துவிட்டேன். எரிச்சல் தாங்கவில்லை. அழுதேன், மிளகாயின் பெயரைச் சொல்லி நன்றாகவே அழுதேன். மாக் தண்ணீர் மொண்டு என் முகத்தில் அடித்துவிட்டு, அழுகை முடியட்டும் என்று காத்திருந்தார்.

"என்னையும் தந்தையேன்னா கூப்பிடுவான்?" என்று கேட்டார்.

"இல்ல, மாக். உங்களை அன்னையேன்னு கூப்பிடுவாரு."

"மாக்குன்னு சொல்லமாட்டானா?"

"மாட்டாரு."

"அன்னையே," என்றார். இன்னொரு தடவை சொன்னார். பிறகு எழுந்து சாரோங்கை உதறிக் கட்டினார். "நான் பின்னால போறேன். நீ இங்கிருந்து கூப்பிடு. அவன் மாதிரியே கூப்பிடணும்."

பின்கட்டுக்குப் போனார். அங்கே துடைப்பம் கிடந்தது, சும்மா நிற்கத் தெரியாதே, எடுத்துப் பெருக்க ஆரம்பித்தார். நான் அடுப்படியில் நின்று, உயிரோடு இருக்கிற மனுஷியை அந்த வார்த்தை சொல்லிக் கூப்பிட வாய் கூசி நின்றேன். பிறகு கூப்பிட்டேன்.

"அன்னையே, எழுந்தருள்க."

துடைப்பம் நிற்கவில்லை. அவரை யாரும் கூப்பிட்டதாகவே அவருக்குத் தெரியவில்லை. இன்னொரு தடவை, சத்தமாகக் கூப்பிட்டேன். துடைப்பம் நின்றது. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோலத் தெருப்பக்கம் தலையைத் திருப்பினார், மறுபடியும் பெருக்கினார்.

மூன்றாம் தடவை கூப்பிட்டதும், துடைப்பத்தைப் போட்டுவிட்டு விறுவிறுவென்று உள்ளே வந்துவிட்டார்.